இரண்டு மடக்குத் தண்ணீர்

கந்தர்வக்கோட்டை
வியாழக்கிழமை

விராலிமலையில் வசிக்கும் என் மூத்த சகோதரி மீனம்மாள் அவர்களுக்கு, தம்பி குழந்தைசாமி பணிவுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். என் மகள் தேவிப்ரியாவும் சுகம் என்றே நம்புகிறேன். அவள் என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிவிட்டபடியால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தங்கள் முழங்கால் வலியும், மாடும் கன்றும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போனில் பேசலாம்தான், வீடு சின்னது, அவள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மணமேல்குடியில் ஒரு போட்டி நடந்தது. கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறி ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கிய கையோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். அந்தத் தூரத்துக்குள் டீ குடிக்க இரண்டு இடத்தில் நிறுத்துவேன். இதைப் பங்குனி வெயிலில், பின்னால் யாரும் துரத்தாமலே மனுஷர்கள் செய்கிறார்கள் என்றால் நம்புவாயா? பிரியா பதினாலு மாதம் இதற்காகப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டே விடியுமுன் ஓடினாள், கிணற்றில் நீந்தினாள், லீவு நாளில் தஞ்சாவூர் வரை சைக்கிளில் போய் வந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "போட்டி முடியட்டும்ப்பா" என்பாள். அவள் அம்மா பொற்கொடி போன பிறகு அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது இந்தச் சைக்கிள் வந்த பின்புதான் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆண்டிச்சாமியின் லோடு ஆட்டோவில் அவள் சைக்கிளையும் என் மொபெட்டையும் ஏற்றிக்கொண்டு போனோம். மணமேல்குடிக் கடல்தான் தெரியுமே, எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாது. அதனால் எல்லோரையும் படகில் கொண்டுபோய் ஆழத்தில் இறக்கிவிட்டார்கள். எல்லாத் தலையிலும் மஞ்சள் தொப்பி. நான் ஒரு தொப்பியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, "பிரியா, விடாதம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தி, அது கரையேறியதும் துண்டோடு ஓடினால், மீசை வைத்த ஒரு ஆள். "தேங்க்ஸ் சார்" என்று முகத்தைத் துடைத்துத் துண்டையும் கொண்டுபோய்விட்டார். என் மகள் அதற்குள் சைக்கிள் ஏறிப் போயிருந்தாள்.

கடற்கரைச் சாலையில் மீமிசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்ப வேண்டும். நான் மொபெட்டில் பின்னாலேயே போனேன். பத்தரை மணிக்கெல்லாம் தார் இளகி டயரில் ஒட்டியது. இரண்டாம் சுற்றில் திரும்பி வரும்போது ஒரு பள்ளத்தில் சைக்கிள் குதித்ததில் அவள் தண்ணீர் பாட்டில் தெறித்து விழுந்து உடைந்தது. அவள் நிற்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களின் அடுத்த தண்ணீர்ப் பந்தலுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அக்கா, உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வேர்வை நின்றுபோய் முகத்தில் உப்புப் பூத்திருந்தது.

"தண்ணி குடிம்மா."

"வேணாம்ப்பா. அங்கிட்டு போங்க."

"ஒரு மடக்கு."

"அப்பா, போங்கன்னா போங்க!"

நான் போகவில்லை. என் பாட்டிலைத் திறந்து அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். தாகத்துக்குப் புத்தி ஏது? வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் யாருக்கும் எழுதிக் காட்ட முடியாது. அதற்குள் மோட்டார் சைக்கிளில் ஒரு நடுவர் வந்துவிட்டார். ஷர்லி என்று சட்டையில் பெயர்.

"ஐயா, வெளியாளுங்க எதுவும் கொடுக்கக் கூடாதுங்க. ரூல்ஸ்."

"வெளியாளா? நான் பெத்தவன்ங்க!"

"பெத்தவங்களும் வெளியாள்தாங்க."

அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை. பிரியாவின் நம்பரைக் குறித்தபோது என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "நீங்க ஓடலாம் மேடம், ஆனா கணக்குல வராது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மீசைக்காரர் என் துண்டையே கொண்டுபோனாரே, அவருக்கு மெடல் கொடுத்தார்கள். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

கணக்கில் வராத அந்த இருபத்தொரு கிலோமீட்டரையும் அவள் ஓடினாள் அக்கா. நான் ஒரு கருவேல மரத்தடியில் நின்றேன். நாலு தடவை என்னைக் கடந்தாள், நாலு தடவையும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஒரு இடத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். கோட்டைத் தாண்டும்போது மணி இரண்டு. விவரம் தெரியாத ஒரு பெண் ஓடி வந்து கழுத்தில் மெடலைப் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து அதே பெண் வந்து, "சாரிங்க" என்று கழற்றி வாங்கிப் போனாள். பிரியா தானே தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். வரும்போது ஆட்டோவில் முன் சீட்டு காலியாக இருந்தும், பின்னால் சைக்கிளோடு வெயிலில் உட்கார்ந்து வந்தாள்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. மோட்டார் போட வேண்டுமென்றால்கூட எதிர்வீட்டு வனிதாவுக்குப் போன் செய்கிறாள். வனிதா தெருவைத் தாண்டி வந்து, "மாமா, மோட்டார் போடச் சொல்லுது" என்கிறாள். பிரியா வேளைக்குச் சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், ஒரு குறையுமில்லை. அதுதான் தாங்கவில்லை. அக்கா, நீ சொன்னால் அவள் கேட்பாள். "ஒங்கப்பனுக்கு அந்த ரூல்ஸ் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா செய்வானா?" என்று போனில் ஒரு வார்த்தை சொல். காலையில் மைக்கில் சொன்னதெல்லாம் இங்கிலீஷ், பாதி கடல் காற்றோடு போய்விட்டது. தெரியாமல் செய்த தப்புக்குப் பதினோரு நாள் போதாதா?

மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மலைமேல் முருகனுக்கு அர்ச்சனை செய்தால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே தட்டில் சொல்லவும்; அங்கேயாவது சேர்ந்திருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
குழந்தைசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. தெரியாது என்று மேலே எழுதியது பொய். போட்டிக்கு முந்தின நாளே பிரியா என்னை உட்கார வைத்து, "அப்பா, நீங்க எனக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, என்ன ஆனாலும்" என்று சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். பொற்கொடிக்குச் சிறுநீரகம் போனபோது ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னார். அளந்துதான் கொடுத்தேன், ஒரு சொட்டு கூடவில்லை. கடைசி நாள் மத்தியானம், பிரியா பள்ளிக்கூடம் போயிருந்தபோது, "ஒரே ஒரு வாய்ங்க" என்று பொற்கொடி கேட்டாள். இன்னைக்கு அளவு முடிஞ்சு போச்சு என்றேன். சட்டத்தை ஒரு தடவை ஒழுங்காகக் கடைப்பிடித்துப் பார்த்துவிட்டேன் அக்கா. இன்னொரு தடவை என்னால் ஆகாது. இது பிரியாவுக்குத் தெரியாது. நீ போன் செய்ய வேண்டாம். இப்போது சோறு வைக்க வருவாள், நானே சொல்கிறேன்.