ராவ் சார் கொண்டுவந்த பெரிய ஸ்பீக்கர்

விற்பவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டிவிடுகிற ரகம் நான். புடவைக் கடையிலும் அப்படித்தான், பல் டாக்டரிடமும் அப்படித்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விற்பவர் பேச்சைக் கேட்காமல் என் இஷ்டத்துக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் முழுதாக விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. இங்கே ஆணி அடித்தால் மூன்றாவது வீட்டில் சுண்ணாம்பு உதிரும். நான் பள்ளிக்கூட டீச்சர். கணவர் சுரங்கத்துக்குள் போர்மேன். பாறையைத் துளைக்கும் மெஷின் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ரேடியோவில் பாட்டு வந்தால், "இன்னா பாடறான்?" என்று என்னைக் கேட்பார். அவருக்காகத்தான் ஸ்டீரியோ.

பெங்களூர் டீலர் ராவ் சார், "கடையில எல்லாமே நல்லாத்தான் பாடும்மா. உங்க ரூம்ல பாடணும்" என்று சொல்லி, பெரிய ஜோடி ஒன்றும் சின்ன ஜோடி ஒன்றுமாக ஸ்பீக்கர்களை ரயிலேற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். (பெண் பார்க்க வந்தவர்களைக்கூட எங்கள் லைன் அப்படி எட்டி எட்டிப் பார்த்ததில்லை.)

கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். வந்தவர் காபிகூடக் குடிக்கவில்லை. நான்கு மூலையிலும் நின்று கை தட்டினார். தட்டிவிட்டு, சுவர் ஏதோ பதில் சொல்லப்போவது போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு, "சார் எங்க உக்காருவார்? எந்தக் காது அதிகம் மந்தம்?" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

சின்ன ஸ்பீக்கர்களில் ஓர் இசைத்தட்டைப் போட்டார். டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத பந்து! என் கழுத்தும் கூடவே போய் வந்தது. எட்டு மாதக் குழந்தை மல்லிகாவின் கழுத்தும்தான்.

"இந்த ரூமுக்கு இதே போதும்மா."

"பெருசைப் போடுங்க சார். முழு சத்தத்துல."

"ஸ்வல்ப, கொஞ்சம் யோசிங்கம்மா..."

"அவருக்குத்தான் காது கேக்காதே சார்!" (உண்மையான காரணம், பெரியது வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்.)

போட்டார். முரசு. தரை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன.

எங்கள் ஊரில் அந்த அதிர்வுக்கு ஒரே அர்த்தம்தான். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவது, ஏர்பிளாஸ்ட் என்போம். தரை ஆடினால் யோசிப்பதில்லை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்கு ஓடுவோம். அன்றும் லைனே ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியது நான். (ஆமாம், ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அதே நான்தான். கால் மூளையைக் கேட்கவில்லை.)

ஷாப்ட் வாசலில் வாட்ச்மேன் கீழே போன் போட்டுக் கேட்டார். "ஒண்ணும் இல்லியேம்மா. எல்லாம் வேலை செஞ்சிக்கினுதான் இருக்காங்க." யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ராணி அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். தன் அண்ணனை ஏர்பிளாஸ்டில் பறிகொடுத்தவர்; அவர் புருஷனும் கீழேதான் இருந்தார். ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை யாரும் நகரவில்லை.

கேஜ் திறந்தது. முகமெல்லாம் புழுதியோடு என் கணவர். பின்னாலேயே ராணி அக்கா புருஷன்.

"இன்னா டீச்சர், இங்க இன்னா பண்றே?" என்றார் இவர்.

அப்போதுதான் மூளை வந்து சேர்ந்தது.

"அக்கா... அது எங்க வீட்டுப் பொட்டி."

ராணி அக்கா கையை விட்டுவிட்டார். அந்த ஒரு நிமிஷம், பூமி நிஜமாகவே பிளந்திருந்தால் நன்றி சொல்லி உள்ளே போயிருப்பேன்.

"அடிப்பாவி டீச்சரு! அடுப்புல கொழம்பு தீஞ்சே பூட்டிருக்கும்டி!" என்றார். சிரித்தார். சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று, "கொழந்த எங்கடி?" என்றார்.

வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினேன்.

பெரிய ஸ்பீக்கர்கள் கயிறு கட்டி வாசலுக்கு வந்திருந்தன. உள்ளே சின்னவற்றில் மெல்ல வீணை. இரண்டுக்கும் நடுவில், அளந்து வைத்தது போல ஒரு பாய். அதில் மல்லிகா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ராவ் சார் விசிறிக்கொண்டிருந்தார்.

"பாப்பா அழுதாம்மா. இந்த ரூம்ல ரெண்டு பக்கமும் சமமா கேக்குற இடம் இது ஒண்ணுதான். இங்க போட்டேன், தூங்கிட்டா."

பின்னாலேயே வந்த கணவர், "அப்போ பெருசு?" என்றார்.

"இந்த ஊர்ல அதை விக்க மாட்டேன் சார்."

பெரிய வியாபாரத்தை ஒரே வாக்கியத்தில் வேண்டாமென்ற அந்த மனிதருக்கு, ஆறிக் கிடந்த காபியைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் போட்டேன். அவர் தேர்ந்தெடுத்த சின்ன ஜோடிதான் இன்றும் எங்கள் வீட்டில் பாடுகிறது.

மல்லிகாவுக்கு இப்போது பெங்களூரில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறாள். யாரோடு போகிறாய், எப்போது வருவாய், பெட்டியில் பெண்கள் இருப்பார்களா என்று நான் ஆரம்பித்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வாள்:

"ஏம்மா, எட்டு மாசத்துல என்னை ஸ்பீக்கர் விக்கிறவர்கிட்ட விட்டுட்டு ஓடினவ, இப்ப வந்து இன்னா விசாரணை?"

நான் தலையாட்டிக்கொண்டே சோற்று டப்பாவை நீட்டுவேன்.