கறிவேப்பிலைக்குக் கேட்காத மந்திரம்

சேரன்மகாதேவி படித்துறையில் எள் விழ இடமில்லை. சஞ்சீவிச் சாமி வந்திருக்கிறார்! செத்த செடிக்கு உயிர் கொடுக்கிறாராம். வருஷம் தொண்ணூற்றாறு. வீட்டுக்கு வீடு டி.வி. வந்துவிட்டது, புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

சாமி ஒரு மலைச் செடியைக் காட்டுவார். சருகாய்ச் சுருண்டு கிடக்கும். ஆற்றுத் தண்ணீரைத் தெளித்து மந்திரம் போடுவார். அப்புறம் ஒரு மணி நேரம் பஜனை. அது முடிவதற்குள் செடி விரிந்து பச்சைப் பசேலென்று நிற்கும். ஜனங்கள் தடால் தடாலென்று காலில் விழுவார்கள்.

ஆறுமுகத்தாயும் விழுந்தாள். அவள் கணவனுக்குக் காசநோய். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு, சாமி கொடுத்த சருகைக் கொதிக்கவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அடுத்த வீட்டுக் கெசியா டீச்சர் பதறிப்போனார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர்.

"ஏ ஆறுமுகத்தாயி, மாத்திரையை நிறுத்துனா ஆளு என்னத்துக்கு ஆவாரு?"

"செத்த செடியே பொழைக்குதே டீச்சர்! எங்க வீட்ல அவுக பொழைக்க மாட்டாகளா?"

மறுநாள் டீச்சர் அவளையும் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். முன்னால் இரண்டு கிண்ணம். இரண்டிலும் டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீர். ஒன்றில் ஆறுமுகத்தாய்க்குச் சாமி கொடுத்த சருகுச் செடி. இன்னொன்றில் காய்ந்த கறிவேப்பிலைக் கொத்து.

பஜனை முடிந்தது. சாமியின் செடி விரிந்தது. அட, டீச்சரின் செடியும் விரிந்தது!

சாமி அசரவில்லை. "எம் மந்திரம் அங்கன வரைக்கும் தெறிச்சிருக்கு!"

"அப்படியா சாமி? பக்கத்துல கிடந்த கறிவேப்பிலைக்கு மட்டும் காது கேக்கலியோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் ஆறுமுகத்தாய் பக்கம் திரும்பினார்.

"இந்தச் செடி சாகவே இல்ல. செல்லு ஒவ்வொண்ணையும் சுத்திக் கொழுப்பால ஆன மெல்லிசுச் சவ்வு இருக்கு. கறிவேப்பிலை காய்ஞ்சா அந்தச் சவ்வு கிழிஞ்சிரும். இது காயும்போதே கொழுப்பைப் பக்குவமா மாத்திச் சவ்வைக் காப்பாத்திக்கிடும். எந்தத் தண்ணி பட்டாலும் எந்திரிச்சிரும். உம் புருசனுக்கு அந்த வித்தை தெரியாது, தாயி. அவருக்கு மாத்திரைதான்."

"ஐயோ! டாக்டரு திரும்பத் தருவாரா டீச்சர்?"

"வா, நானும் வாரேன்."

"ஏம்வே சாமி, இந்தக் கறிவேப்பிலையைக் கொஞ்சம் எழுப்பும்!" என்றது ஒரு குரல். சாமி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறுமுகத்தாயின் கணவன் இப்போது தெருவில் நின்று சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டான். சாமி திசையன்விளைப் பக்கம் போய்விட்டாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம்!

சருகுச் செடி ஒரு கைத் தண்ணீரில் விழித்துக்கொள்கிறது. நம் மூளைக்கு எத்தனை குடம் ஊற்ற வேண்டும்?