ரெஜினா அக்காவின் பானையும் என் வாயும்

வாய் சும்மா இருக்காதவனைக் கல்யாண வாசலில் நிறுத்தக் கூடாது. இந்த உண்மையை எங்கள் குடும்பம் என்னை வைத்துத்தான் கண்டுபிடித்தது.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்ததால் எங்கள் பித்தளைக் குடமும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டது. என் சொந்த அக்காவுக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரிய சகுனக்காரர். யாரோ தும்மிவிட்டார்கள் என்று சம்பந்தப் பேச்சையே தள்ளிப்போட்ட மனிதர்.

"ஒரு குறையும் வரப்படாது, விளங்குதோ? வாசலிலை நிறைகுடம் வைக்க ஒரு குடம் கொண்டு வா. அது ஒண்டுதான் உன்ரை வேலை" என்றார் அம்மா. (எனக்குப் பொறுப்புக் கொடுத்தவர்கள் எவரும் அந்தத் தவறை இரண்டாம் தரம் செய்ததில்லை. அம்மாவுக்கு வேறு மகன் இல்லை.)

கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் ரசனை உள்ளவன் ஆயிற்றே! நான் கிளார்க்காக இருந்த கப்பல் கொம்பனியில் ரெஜினா அக்கா டைப்பிஸ்ட், கொட்டாஞ்சேனைக்காரி. சனிக்கிழமைகளில் மியூசியத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஆதிகாலப் பானைகளை வரைந்துகொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் அதேபோலச் செய்வார். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறு கயிறாக உருட்டி, வளையத்துக்கு மேல் வளையமாக ஏற்றி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார். பிறகு உமிக்குள் தலைகீழாகக் கவிழ்த்துச் சுடுவார். உமியில் புதைந்த வாயும் உட்புறமும் கறுப்பாகும், வெளியே சிவப்பு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பொழுதுபடுகிற நேரத்துக் கடல் மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோடு சரியாக விழாத பானைகளை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி மண் பிசைவார். "அந்தக் காலத்துப் பொம்பளைக்கு வந்தது எனக்கு வராதா தம்பி?" என்பார்.

"அக்கா, ஒரு நாளைக்கு ஒரு பானை தருவீங்களோ? கல்யாண மண்டப வாசலிலை வைக்க."

"எல்லாரும் பாக்கிறதுக்கா?" அவர் முகம் விரிந்தது.

"பாக்கத்தானே!"

இருந்ததிலேயே பெரியதை, மூடியோடு, பழைய சீலையில் சுற்றித் தந்தார். அது எங்கே கிடைத்த பானையின் பிரதி, ஆதியில் எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொன்னார். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். யோசிக்க மட்டும் இல்லை. "தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, கசியும்" என்றார் கடைசியாக.

த்ரீவீலரில் வரும் வழியில் செக்பொயின்ட். ஆமிக்காரர் ஒருவர் பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பிறகு அந்தக் கோட்டை விரலால் தடவி, "ஹரி லஸ்ஸனய்" என்றார். நல்ல அழகாம். இது என்ன பானை என்று விளக்க ஆசைதான். என் சிங்களம் போதவில்லை. அன்றைக்குச் சிங்களம் வராமல் தப்பினேன். மறுநாள் தமிழ் வந்து கெடுத்தது.

வாசலில் வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, பானையை வைத்தேன். தண்ணீர் இல்லாமல் என்ன நிறைகுடம்? இரண்டாயிரம் வருசம் மண்ணுக்குள் கிடந்த பானையை இரண்டு செம்புத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று ஊற்றினேன். (அப்படிக் கிடந்தது அதன் பாட்டன். இது போன மாதம் பிறந்தது.) மேலே மாவிலையும் தேங்காயும்.

மாப்பிள்ளை வந்தார். பெண்ணின் தம்பி என்பதால் நான்தான் தோழன். அவருடைய காலைக் கழுவச் செம்போடு நின்றேன். அவர் ஒரு செருப்பைக் கழற்றும்போது அவருடைய அம்மா பானையைக் கண்டுவிட்டார்.

"என்ன வடிவு! எங்கை தம்பி எடுத்தனீர்?"

"கொட்டாஞ்சேனையிலை" என்று நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"இது ஆதிகாலத்துப் பானை மாமி. பொம்பரிப்பிலை தோண்டி எடுத்த தாழியின்ரை அச்சு அசல். அந்தக் காலத்துச் சனம் இதுக்குள்ளைதான் செத்த ஆக்களின்ரை எலும்பை வைச்சுப் புதைக்கிறது!"

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை ஒரு காலில் செருப்போடும் மற்றக் கால் அந்தரத்திலுமாக நின்றார்.

"சவத் தாழியோ! கல்யாண வாசலிலையோ!" தாய்மாமன் கத்தினார். "காரைத் திருப்பு! அங்கை பாருங்கோ, குடம் அழுகுது!"

உண்மைதான். பானை கசிந்து அரிசியெல்லாம் ஈரம். உள்ளே அறை வாசலில் அக்கா கூறைச்சீலையோடு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. அடுத்த தாழிக்கு ஆள் ரெடி என்று இருந்தது அது.

கல்யாணத்துக்கு வந்திருந்த ரெஜினா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா, இது போன மாசம் நான் கையால செஞ்சது. இதுக்குள்ள இன்னும் ஒருத்தரையும் வைக்கல்ல!"

(அந்த 'இன்னும்' இல்லாமல் சொல்லியிருக்கலாம்.)

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பானைக்கு முன்னால் குந்தினார். அந்தக் கோட்டை மெல்லத் தடவினார். "நீரோ பிள்ளை செய்தனீர்? சக்கரம் இல்லாமலோ?"

"ஆமாங்கம்மா."

எழுந்து தமையனைப் பார்த்தார். "அண்ணை, இந்தப் புழுக்கத்திலை உங்கடை சட்டையே தோய்ஞ்சு போச்சு. குடத்துக்கு மட்டும் வேர்க்கப்படாதோ? இப்பிடி ஒரு வேலை செய்த கை முன்னாலை உயிரோடை நிக்குது. இதைவிட என்ன சகுனம் வேணும் உங்களுக்கு?" பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, இதுக்கு மூடி இருக்கோ?"

"இருக்கு மாமி."

"எடுத்து உம்மடை வாயிலை வையும்."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அந்தரத்தில் இருந்த கால் கீழே வந்தது. நான் வாயே திறக்காமல் கழுவினேன்.

பானையை ரெஜினா அக்கா திருப்பி வாங்கவில்லை. என் அக்காவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். இன்று அது ஹெவ்லொக் டவுனில் அக்கா வீட்டு ஹோலில் இருக்கிறது. வருகிறவர்கள் அந்தக் கோட்டை ஒரு தரம் தடவாமல் போவதில்லை. மூடி மட்டும் என்னிடம். "இது உங்களுக்குத்தான் தம்பி" என்று ரெஜினா அக்காவே தந்தது.

மாமிக்கு வயது போய்விட்டது. காதும் கொஞ்சம் மந்தம். ஆனால் எந்த விசேஷத்திலும் நான் கதை சொல்லத் தொண்டையைச் செருமினால் அது மட்டும் அவருக்குக் கேட்டுவிடும். கதிரையில் இருந்தபடியே குரல் வரும்:

"தம்பி, மூடி கொண்டு வந்தனீரோ?"