போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை

கூச்சப்படுகிறவர்களிடம் யாரும் பொறுப்பான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, சந்தேகம் கேட்கவும் வாய் வராது. தலையை ஆட்டிவிட்டுப் போய், தங்களுக்குத் தெரிந்த மாதிரி செய்து வைப்பார்கள். நான் அப்படித்தான் ஒரு தோட்டத்தையே வெறியில் ஆட வைத்தேன். (நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டம். அப்போது வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம். என் மகள் செல்வி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் கிடையாது, எங்கே பார்த்தாலும் சரிவும் தேயிலையும்தான். ரோட்டிலேயே ஓடிப் பழகி, முந்தின வருஷம் செல்வி வடிகானுக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ஃபெக்டரிக்குப் பின்னால் மட்டமான நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அதிலும் தேயிலை நடப் போகிறார்கள் என்று பேச்சு. அதைப் பிள்ளைகளுக்குக் கேட்டு, பள்ளிக்கூட மாஸ்டர் துரையிடம் நடையாய் நடந்தார். கடைசியில் துரை, "வெளையாட்டுப் போட்டிய அங்க வையி. ஒழுங்கா நடந்தா யோசிக்கிறேன்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் ஊரில் பிள்ளைகள் விளையாடும்போது பார்க்க வந்த தாய் தகப்பனுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பது வழக்கமாம். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பீப்பாய் சாராயம் அனுப்பிவிட்டார்.

யார் ஊற்றுவது? கணக்கப்பிள்ளை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று யோசித்தார்.

"கங்காணிய நிறுத்துனா பீப்பாயே மிஞ்சாது. வாயாடிப் பொம்பளைய நிறுத்துனா பேசியே வாங்கிருவானுங்க. ராமாயி, நீதான் சரி. ஆளுக்குக் கொஞ்சமா ஊத்து, என்ன?"

தலையை ஆட்டினேன்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பரிமாறுவதற்கு ஒரே சட்டம்தான்: சாப்பிடுகிறவர் கையை மறித்துப் போதும் என்கிற வரைக்கும் ஊற்ற வேண்டும். நாமாக நிறுத்தினால், உனக்கு இவ்வளவுதான் என்று முகத்தில் அடித்த மாதிரி. கல்யாணமான புதிதில் பெரிய மாமாவுக்கு, அதாவது என் மாமனாரின் அண்ணனுக்கு, ரசத்தை நானாக நிறுத்திவிட்டு மாமியாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

போட்டியன்று வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அதே பெரிய மாமா. கையில் டம்ளர் இல்லை, செம்பு.

நான் பெரியவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். செம்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஊற்றினேன். கை மறிக்கும், மறிக்கும் என்று பார்க்கிறேன், மறிக்கிற பாடாய் இல்லை. அவர் தூரத்து மலையில் ஏதோ இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். செம்பு தளும்பியதும், "மகராசியா இரு தாயி" என்று நகர்ந்தார். பின்னால் நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு டம்ளரை லயத்தில் வைத்துவிட்டுப் பாத்திரத்தோடு வந்தார்கள்.

பெண்கள் பக்கம் போனேன். "ஐயையோ, எனக்கெல்லாம் வேணாம் புள்ள" என்றாள் பக்கத்து லயத்து அஞ்சலை, முந்தானைக்குள்ளிருந்து கோப்பையை எடுத்தபடியே. "குளுருக்கு, சும்மா வாய நனைக்க." அவளும் கை மறிக்கவில்லை.

துரையும் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். தோட்டத்துச் சனங்கள் கொடுப்பதை மிச்சம் வைத்தால் மனம் நோகும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பாவம், கையை மறிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் ஊற்ற ஊற்ற அவர் குடித்தார். அவர் குடிக்கக் குடிக்க நான் ஊற்றினேன். இரண்டு பேருமே மரியாதைக்காரர்கள்.

பிறகுதான் போட்டி தொடங்கியது.

ஓட்டப் பந்தயத்தில் செல்வி முன்னால் வந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து பாய்ந்து, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

"அப்பா, விடுங்கப்பா. நானே ஓடுறேன்."

"சும்மா இரு, அப்பா ஜெயிச்சித் தாறேன்."

அவர் ஓடிய பக்கத்தில் எல்லைக் கோடே இல்லை. அதைப் பார்த்த மற்றத் தகப்பன்மார் அவரவர் பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தூக்கினார்கள். பெரிய மாமா பிள்ளை கிடைக்காமல் மாஸ்டரைத் தூக்கினார். கயிறிழுக்கும் போட்டியில் இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்று இழுத்து, வெற்றி பெற்று, மொத்தமாக வடிகானில் விழுந்தது. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகைதான். நிலம் போயிற்று, என் கையாலேயே போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது துரை பரிசு வைத்திருந்த மேசைமேல் ஏறினார்.

"ஏ, எல்லாரும் கேளு. இந்த எடம் புள்ளைங்களுக்கு. தேயில வேணாம்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நின்றோம். துரை சிவந்த கண்ணோடு வந்தார்.

"நேத்து நான் என்ன சொன்னேன்?"

எல்லோரும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தோம். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நீதானே ஊத்துனது? நீ குடிக்கல. நீ சொல்லு."

கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். செல்வியின் முறிந்த கை ஞாபகத்துக்கு வந்தது.

"எடம் புள்ளைங்களுக்குன்னு சொன்னீங்க தொரை" என்றேன்.

அத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த வாய், திறந்த பிறகு மூட மாட்டேன் என்றது. "சுத்தி வேலியும் போட்டுத் தாறேன்னு சொன்னீங்க."

கணக்கப்பிள்ளைக்கு இருமல் வந்தது. துரை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா சொன்னேன்?" என்றார்.

"ஆமாங்க தொரை" என்றது வரிசை முழுவதும். பெரிய மாமா குரல்தான் பெரிதாகக் கேட்டது.

வேலி போட்டார்கள். செல்வி அந்த நிலத்தில் ஓடினாள், பிறகு அவள் பிள்ளைகளும் ஓடினார்கள். இப்போதும் அங்கே போட்டி நடக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு வெறும் தேத்தண்ணிதான். அதைக்கூட என் பிள்ளைகள் என்னை ஊற்ற விடுவதில்லை.