லீடர் படுத்துவிட்டார்

பொய் சொல்வதென்றால் சமதளத்தில் சொல்ல வேண்டும். நான் சொன்ன பொய் என்னை ஆறாயிரம் அடி உயரத்துக்குக் கூட்டிப்போய் அங்கே கைவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து லேத்தில் தாஸ் அண்ணன், முத்தாபுதுப்பேட்டைக்காரர். அவர் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை. (ஸ்டெல்லாவுக்கு அது தெரியாது. அண்ணனுக்கு அறவே தெரியாது.)

பொங்கல் லீவில் எட்டுப் பேர் சேர்ந்து, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரே நாளில் நடந்தே ஏறுவதென்று முடிவானது. யாருக்காவது மலை ஏறிப் பழக்கம் உண்டா என்று அண்ணன் கேட்டார். ஸ்டெல்லாவும் வருகிறாள் என்பதால் கையைத் தூக்கினேன். நான் ஏறிய ஒரே மலை பரங்கிமலை. அதற்குப் படிக்கட்டு உண்டு. விசிலைக் கழுத்தில் மாட்டி என்னை லீடர் ஆக்கிவிட்டார்கள்.

விடியும்போது கிளம்பினோம். முதல் மணி நேரத்திலேயே மூச்சு வாங்கியது. லீடருக்கு மூச்சு வாங்கலாமா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசிலடித்து, இயற்கையை ரசிக்கச் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

வெள்ளகவியைத் தாண்டி ஓரிடத்தில் மரங்கள் விலகின. பாதை ஒற்றை ஆள் அகலம். இரண்டு பக்கமும் சரிவு. காலுக்குக் கீழே மேகம். எனக்கு உயரம் என்றால் பயம் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. முதலில் உட்கார்ந்தேன். பிறகு குப்புறப் படுத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். மேலேயிருந்து அரிசி மூட்டையோடு இறங்கிய நாலு குதிரைகளும் நின்றன. அந்த நெரிசலிடம் அம்பத்தூர் ரயில்வே கேட் தோற்றது. குதிரைக்காரர் பொறுமையாக, "யாருங்க இது, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

"இவர்தாங்க லீடர்," என்றார் தாஸ் அண்ணன்.

குதிரைக்காரர் குதிரைகளைக் கொஞ்சம் அகலமான இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார். எனக்கு அடுத்து நின்ற ஸ்டெல்லா (அந்த வரிசை என் ஏற்பாடுதான்) என்னை ஒரே எட்டில் தாண்டி முன்னால் போய், துப்பட்டாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"இத்தப் புட்ச்சுக்கோங்க. கீழ பாக்காதீங்க. என் காலைப் பாத்துகினே வாங்க."

கையும் காலுமாக ஊர்ந்தேன். பேன்ட் முட்டியில் கிழிந்தது. குதிரைகளைக் கடந்தபோது அவை என்னைத் தூரத்துச் சொந்தக்காரனைப்போலப் பார்த்தன. அகலமான இடத்தில் உட்கார்ந்து, பரங்கிமலை உண்மையை அவளிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் துப்பட்டாவை இழுத்தாள். எழுந்து நடந்தேன். சோலைக்காட்டுக்குள் வேர்களைப் பிடித்து, நின்று நின்று ஏறினேன்.

மாலை நாலு மணிக்கு உச்சிப் பாறையில் நின்றோம். (ஆமாம், நானும் நின்றேன்.) வெள்ளகவி வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. அதற்கும் கீழே, காலையில் புறப்பட்ட சமவெளி வெயிலில் கிடந்தது. அவ்வளவு தூரமும் நான் நடந்தது! கண் கலங்கிவிட்டது. அந்தத் தைரியம் தீர்வதற்குள் அண்ணனிடம் என் ஆசையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கையையே கேட்கச் சொன்னார்.

"ஏறிட்டாரே," என்றாள் தங்கை.

அடுத்த வருடம் கல்யாணம். படுத்திருப்பவரை யாராவது தாண்டினால் அவர் வளர மாட்டார், திரும்பத் தாண்டிவிட வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். என்னைவிட அரையடி உயரமான என் மகள், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் காரணத்தை விளக்குகிறாள்: "அம்மா அன்னிக்கு அப்பாவத் தாண்டுனவங்கதான். இன்னும் திரும்பத் தாண்டல."