குடாநாட்டு முழங்கால்

புற்றுநோயில் இறந்தவளுக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று நினைவுமலர் அச்சிடுகிறார்கள். நோயில் கிடப்பவளுக்குத் தோடம்பழம் கொண்டு வருகிறார்கள். பிழைத்து வந்து, தன் புருசனோடு பழையபடி இன்பமாகப் படுக்க விரும்புகிறவளை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அவள் நான்தான்: இணுவில் அருந்ததி, பட்டதாரி ஆசிரியை, வயது நாற்பத்திரண்டு.

1992இல், கருப்பைக் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து பதினெட்டு மாதமாகியிருந்தது. உடம்பு வறண்டு, கூடினால் வலித்தது. வலிக்குப் பயந்து ஆசையும் ஒளித்துக்கொண்டது. என் கணவர் நமசிவாயம் நல்லவர். நான் முகம் சுளிப்பதைக் கண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அந்த நல்லதனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டொக்டர் ஒரு களிம்பு எழுதித் தந்தார். குடாநாட்டுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். அது கொழும்பிலிருந்து வர மருந்து அனுமதிக் கந்தோரின் முத்திரை வேண்டும்.

எதையும் அதனதன் பெயரால் சொல்லவேண்டும் என்று மாணவிகளுக்குப் போதிப்பவளாகிய நான், படிவத்தில் 'நோய்' என்ற இடத்தில் எழுதினேன்: "நோய் இல்லை. தாம்பத்திய இன்பம் மீள்வதற்கு."

கிளாக்கர் சீவரத்தினம் அதை வாசித்துவிட்டுப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ரீச்சர், நோய் இல்லாட்டி மருந்து ஏன்?"

"நோய் மாறினபடியாலைதான்."

"மாறினால் சந்தோசம்தானே."

"அந்தச் சந்தோசத்தைத்தான் கேக்கிறன்."

விடயம் மேலதிகாரி தம்பிஐயாவிடம் போயிற்று. அவர் தீர்ப்பெழுதினார்: "பூரண குணமடைந்தமைக்கான சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளமையால் விண்ணப்பதாரி மருந்துக்குத் தகுதியற்றவர். நோய் மீளத் தோன்றுமிடத்து விண்ணப்பிக்கலாம்." பிறகு தணிந்த குரலில், "பிள்ளை, உமக்கு நாற்பது கடந்திட்டுது. உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்றார்.

"தப்பினது முழு உடம்பும்தான், ஐயா."

அவர் மின்சாரமில்லாத காற்றாடியை அண்ணாந்து பார்த்தார்.

மூன்று முறை போனேன். நான்காம் முறை, என் துணிச்சலெல்லாம் வரிசையில் தேய்ந்துபோக, 'முழங்கால் வருத்தம்' என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

சீவரத்தினம் மேசைக்கு மேலால் குனிந்தார். "ரீச்சர், உது அந்தக் களிம்புதானே?"

"ஓம்."

"என்ரை மனுசிக்கும் உந்த முழங்கால்தான். பேரை ஒருக்கால் எழுதித் தாருங்கோ."

ஆறு மாதத்தில் நூற்றுப் பதினான்கு பெண்களுக்கு முழங்கால் வருத்தம். கந்தோர் திடுக்கிட்டு, தம்பிஐயா தலைமையில் விசாரணைக்குழு அமைத்தது. எரிபொருள் இல்லாத ஊரில் எல்லாரும் சைக்கிள்தான். ஆகவே குழு கண்டறிந்தது: "பெண்களின் முழங்கால் சிதைவுக்குத் துவிச்சக்கரவண்டியே மூலகாரணம்." நாற்பது வயது கடந்த பெண் உத்தியோகத்தர்கள் சைக்கிள் ஓடலாகாது என்று சுற்றறிக்கை வந்தது. அந்த நூற்றுப் பதினான்கு பேரின் பட்டியலில் எழுபத்தாறாவது பெயர் தம்பிஐயாவின் மனைவியுடையது. அந்த விண்ணப்பத்துக்கும் அவரே கையொப்பமிட்டிருந்தார்.

பிறகு எனக்கு நடந்தது இது. களிம்பு வந்தது. சில மாதங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆசை தானாகவே திரும்பி வந்தது.

"இஞ்சரும், நோகுதே?" என்றார் நமசிவாயம்.

"இல்லை. நிப்பாட்டாதேங்கோ."

அன்றைக்கே பாயும் முன்னறையிலிருந்து திரும்பி வந்தது. சுற்றறிக்கையால் சைக்கிளை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் மூன்று மைல் நடக்கிறேன். இப்போது முழங்கால் உண்மையாகவே வலிக்கிறது. அதற்கு மருந்து கேட்டுப் போனால், கந்தோரில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.