ரயில் இல்லக்கா, ரீல்

“அக்கா, நான் சின்னவன். வயசு இருபத்து மூணு. மாடி ரூம்லதான் இருக்கேன். பயப்படாதே. ரயில் தானா சுத்துது.”

பயம் வந்துவிட்டால் சின்னவனுக்கு இப்படித்தான். வெளிநாட்டு வேலைக்கு வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவரிடம் மளமளவென்று ஒப்பித்த பழக்கம். சொந்த அக்காவிடம்கூட பெயர், வயது, இருப்பிடம்தான் முதலில் வந்து விழும். இரண்டு கையிலும் தையல் மிஷின் எண்ணெய். அதனால் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாயால் சொன்னான், அது எழுதிக்கொண்டது. அவன் சொன்னது ரீல். போன் எழுதியது ரயில்.

அக்கா உடனே கூப்பிட்டாள்.

“எந்த ரயில்டா? தண்டவாளத்துக்கிட்ட உனக்கு என்ன வேலை?”

“ரயில் இல்லக்கா, ரீல். தூண்டில் ரீல். பழைய சாமான் கடைல வாங்கினேன்.”

“இன்னொண்ணா? மீன் பிடிக்கத் தெரியாது, நீச்சல் தெரியாது, தட்டுல கிடக்கிற மீனுக்கு முள்ளு எடுக்கவே அம்மா வேணும். உனக்கு எதுக்குடா தூண்டில் ரீல்?”

“அழகா இருக்குக்கா.”

“அழகா இருந்தா பொண்ணு பாரு.”

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? சுவர்ப் பலகை முழுக்க ரீல்கள். மர ரீல், அலுமினிய ரீல், விளிம்பு உடைந்த கருப்பு ரீல். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாலே எது எதுவென்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். புதிதாக வந்தது பித்தளை. பழைய பட்டு நூல் சுற்றியபடியே இருந்தது. கொம்பில் செய்த கைப்பிடி, யாருடைய கட்டைவிரலோ பட்டுப் பட்டு ஒரு பக்கம் குழிந்திருந்தது. கடையில் சின்னவன் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. அங்கேயே விழுந்துவிட்டான்.

துடைக்கும்போது நூல்முனை ஜன்னலுக்கு வெளியே நழுவி, பின்கட்டில் இருந்த பாழடைந்த தொட்டிக்குள் விழுந்தது. அப்போது தொடங்கியதுதான். கிர்ர்... கிர்ர்... கை படாமலே நூல் போய்க்கொண்டிருந்தது.

“யாரோ இழுக்குறாங்கக்கா.”

“சும்மா ரீல் விடாதே.”

அதுதான் கொடுமை. உலகத்தில் எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் நம்ப ஒரு ஆள் கிடைக்கும். ரீலைப் பற்றிச் சொன்னால் மட்டும் ரீல் விடுகிறான் என்பார்கள்.

கேமராவைத் திருப்பிக் காட்டினான். ரீல் நல்ல பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது. கேமராவை அணைத்தான். கிர்ர்.

அக்காவின் குரல் திடீரென்று மென்மையாகிவிட்டது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“தனியா கிடக்குறேல்ல, அதான். சாயங்காலம் கூப்பிடுறேன். அப்பவும் இப்படியே உளறினா டிக்கெட் போடுறேன், கிளம்பி வந்துடு. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் பாத்துக்கிறேன்.”

நாலு பேர் என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். குளிர்பதனக் கிடங்கில் இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. பைத்தியம் பிடித்துத் திரும்பினான் என்ற பெயரோடு போவதா?

நூலை அறுத்துவிடலாம். ஆனால் மனசு வரவில்லை. ரீலோடு கூடப் பிறந்த நூல் அது, அறுத்தால் மதிப்பே போச்சு. களிம்பு பிடித்துத்தான் இந்தக் கூத்து என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டான். சத்தம் நின்றது. நூல் மட்டும் முன்னைவிட வேகமாகப் போனது. சத்தமே தேவலை என்று ஆகிவிட்டது. பிரேக்கை முறுக்கினான். நூல் நின்றது, ரீல் நடந்தது. மேஜையில் தத்தித் தத்தி ஜன்னலை நோக்கிப் போனதைப் பிடித்து, பெல்ட்டால் கட்டில் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினான்.

கீழிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தாள்.

“தம்பி! மேல எதுக்குக் கட்டிலை இழுக்குறீங்க?”

“நான் இழுக்கலைங்க!”

“அப்ப யாரு, கட்டிலே நடக்குதா?”

இதற்கு உண்மையான பதில் சொன்னால் டிக்கெட்டை அவளே போட்டுவிடுவாள். சின்னவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

“ஏங்க, அந்தத் தொட்டிக்குள்ள என்னங்க இருக்கு?”

“ஒண்ணுமில்ல. தண்ணி வத்திப் பல வருஷமாச்சு.”

“மீனு ஏதாவது...”

“தண்ணியே இல்லைங்கிறேன், மீனு கேக்குறீங்களே!”

தொட்டி வாயில் காய்ந்த இலைகள் கிடந்தன. ஒன்றும் ஆடவில்லை. விறைத்து நின்ற நூல் மட்டும் மெல்ல அதிர்ந்தது, கிள்ளிவிட்ட தந்தி மாதிரி.

வெயில் சாயும்போது அக்கா வீடியோவில் வந்தாள். பக்கத்தில் மாமா, அவள் புருஷன். லேத் பட்டறைக்காரர். கல்யாணத்தன்றுகூட அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. சின்னவன் போனைப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“நல்லா பாரு. இப்ப அது இழுக்கிறதை நான் திருப்பிச் சுத்துறேன்.”

கட்டைவிரல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. சுற்றினான். அப்பா, என்ன கனம்! தோள் நடுங்கியது. ஆனால் கைப்பிடி சுற்றியது. நூல் விண்ணென்று விறைத்தது.

“டேய்...” அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “ஆமாடா. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்காங்க.”

“நம்புறியா?”

“நம்புறேன்டா. எனக்குக் கண்ணு இல்லையா?”

“டிக்கெட்டு?”

“டிக்கெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

சின்னவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இரட்டைத் தெம்போடு சுற்றினான்.

“வருதுக்கா! கிட்ட வந்துக்கிட்டே இருக்கு! இன்னும் கொஞ்சம்தான்!”

மாமா போனருகே குனிந்தார். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“மச்சான், நூல் ஒரு சுத்துகூட ரீல்ல ஏறலை. கட்டிலோட நீதான் ஜன்னலுக்குப் போய்க்கிட்டு இருக்கே. கையை விட்டுடுப்பா.”